கிராமத்து பப்பில் ஞாயிறு ரோஸ்ட்: எப்படித் தேடுவது?

"ஒருத்தருக்காக யாரும் ரோஸ்ட் போடறதில்லை."

போன அக்டோபரில் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் சொன்னது இது. வேலிக்கு அந்தப் பக்கம் கீழே விழுந்த ஆப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் சும்மா பேச்சுக்குத்தான் "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, என்ன சமையல்?" என்று கேட்டேன். முட்டையும் டோஸ்ட்டும் என்றார். "ரோஸ்ட் இல்லையா?" என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில்.

கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிட்டவர். இப்போது ஒரு வருடமாக இல்லை. "கவலைப்படாதீங்க, நல்ல பப்பா பார்த்து நான் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாய் கொடுத்துவிட்டேன். கேம்பிரிட்ஜைச் சுற்றி எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் கால் மணி, அரை மணியில் ஒரு கிராமம் வரும். பெரும்பாலான கிராமங்களில் பப் இருக்கும். வாசலில் "ஞாயிறு ரோஸ்ட்" என்று பலகை இருக்கும். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கடைசியில் ஐந்து மாதம் ஆனது. எட்டு பப் ஏறி இறங்கினேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், இங்கே புதிதாக வந்திருக்கும் யாருக்காவது உதவும்.

தட்டில் என்ன இருக்கும்?

தெரியாதவர்களுக்கு முதலில் அடிப்படை. நடுவில் சுட்ட இறைச்சி, பெரிய துண்டாகச் சுட்டு மெல்லிசாக அரிந்தது. கூடவே வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மாவாகவும் இருக்கும் உருளைக்கிழங்கு. கேரட், பார்ஸ்னிப், முட்டைக்கோஸ் மாதிரி ரெண்டு மூணு காய்கறி. எல்லாவற்றின் மேலும் சூடான கிரேவி. ஒவ்வொரு இறைச்சிக்கும் ஒரு துணை உண்டு. மாட்டிறைச்சிக்கு மூக்கில் ஏறும் ஹார்ஸ்ராடிஷ் வேர்ச் சாஸும் யார்க்‌ஷயர் புட்டிங்கும். ஆட்டுக்குப் புதினா சாஸ். பன்றிக்கு ஆப்பிள் சாஸும் மொறுமொறு தோலும். கோழிக்கு ரொட்டித்தூளும் மூலிகையும் சேர்த்துப் பிசைந்த ஸ்டஃபிங். புதினா சாஸ் என்றதும் நம்ம சட்னி என்று நினைத்துவிடாதீர்கள். அது புதினாவை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறப் போட்டது. முதல் வாய்க்கு முகம் சுளிக்கும், நாலாவது வாய்க்குப் பழகிவிடும்.

யார்க்‌ஷயர் புட்டிங்கும் பெயரைக் கேட்டு ஏமாறக்கூடிய பண்டம்தான். இனிப்பே கிடையாது. மைதா, முட்டை, பால் கரைத்த மாவு, புகையும் அளவுக்குக் காய்ந்த கொழுப்பில் ஊற்றி ஓவனில் வைப்பது. மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி, வெளிச்சுவரைத் தள்ளிக்கொண்டு மேலே எழும். நடுவில் குழி விழும், அந்தக் குழியில் கிரேவியை ஊற்றுவார்கள். இந்தப் பெயரைப் பிரபலமாக்கியது ஹன்னா கிளாஸ் 1747-ல் வெளியிட்ட சமையல் புத்தகம். 2008-ல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி, நாலு அங்குலத்துக்குக் குறைவாக எழுந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று அறிக்கை விட்டது. வேதியியல் சங்கத்துக்கு இது வேலையா என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் இது அவ்வளவு முக்கியமான விஷயம்.

நெருப்பு யாரிடம் இருந்தது?

கண்டிப்பாகப் பார்த்தால், இன்றைக்கு எந்த பப்பிலும் 'ரோஸ்ட்' கிடையாது. ரோஸ்ட் என்பது திறந்த நெருப்பின் முன்னால் கம்பியில் செருகி, சுற்றிக்கொண்டே சுடுவது. பெரிய வீடுகளில் கம்பியைச் சுற்றுவதற்கென்றே ஒரு பையன் இருப்பான். சக்கரத்துக்குள் ஓடவிட்டுச் சுற்றவைக்க ஒரு குட்டை நாய் இனமே வளர்த்தார்கள், அந்த இனம் இப்போது இல்லை. கீழே வைத்த தட்டில் சொட்டும் கொழுப்பில் மாவை ஊற்றினால் அதுதான் அந்தக் காலத்து யார்க்‌ஷயர் புட்டிங். அதை முதலில் கிரேவியோடு பரிமாறிவிடுவார்கள். வயிறு பாதி நிறைந்தால் பிறகு இறைச்சி குறைவாகச் செலவாகும் என்ற கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூடிய இரும்பு அடுப்பு வந்ததும் எல்லாம் ஓவனுக்குள் போய்விட்டது. செய்வது பேக்கிங், பெயர் மட்டும் பழைய ரோஸ்ட்.

அப்படியானால் ஓவன் இல்லாத ஏழைக் குடும்பங்கள் என்ன செய்தன? இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய் ரொட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். சின்னதாக ஒரு கூலி. சர்ச் முடிந்து திரும்பும்போது வெந்த தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். 1843-ல் வந்த டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் அந்த ஏழைக் குடும்பத்தின் வாத்து வேகுவதும் ரொட்டிக்கடை ஓவனில்தான். ஆக, ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சாப்பிட்டது. ஆனால் நெருப்பு பொது.

இறைச்சித் துண்டின் அளவும் அதற்கேற்றதுதான். நல்ல ரோஸ்ட்டுக்குத் துண்டு பெரிதாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் நன்றாகப் பழுப்பேற வேண்டும். அந்த வாசனைக்குக் காரணமான வினையை 1912-ல் விவரித்தவர் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், வினைக்கு அவர் பெயர்தான். அதே சமயம் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும். ரெண்டும் சேர்ந்து நடக்கத் துண்டுக்குக் கனம் வேண்டும். கால் கிலோவை ஓவனில் வைத்தால் வெளிப்பக்கம் பழுப்பேறும் முன்பே உள்ளே வறண்டுவிடும். குறைந்தது ஒன்றரைக் கிலோ வேண்டும். மிஞ்சுவதைத் திங்கட்கிழமை ஆறினபடியே ஊறுகாயோடு சாப்பிடுவார்கள். திங்கள் துணி துவைக்கும் நாள், சமைக்க நேரம் இருக்காது. அதற்கும் மிஞ்சியது செவ்வாய்க்கிழமை கொத்தி, மேலே உருளைக்கிழங்கு மசியல் போட்டு வேறொரு சாப்பாடாகும். குடும்பம் இருந்தால்தான் இந்தக் கணக்கு ஓடும். பெரியவர் சொன்னது அலுப்பில் சொன்ன பேச்சு இல்லை, சமையல்படியே அது உண்மை.

பப்பில் ரோஸ்ட் எவ்வளவு 'பாரம்பரியம்'?

என் திட்டத்தைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "பப்ல ரோஸ்ட்டா? நாங்க பப்புக்குப் போனதே ரோஸ்ட் வேகுற வரைக்கும் வீட்ல தொந்தரவு பண்ணாம இருக்கத்தான்."

இதைப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். முதல் உலகப் போர்க் காலத்தில், ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை கெடக்கூடாது என்று பப்களை மதியத்தில் மூடவைத்தார்கள். போர் முடிந்தது, சட்டம் முடியவில்லை. இங்கிலாந்தில் மற்ற நாட்களுக்கு இந்த மதியப் பூட்டு 1988 சட்டத்தோடு போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் 1995 வரை நீடித்தது. அதுவரை ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறந்து கொஞ்ச நேரத்திலேயே மணியடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆண்கள் அந்த இடைவெளியில் பீர் குடித்துவிட்டு, நேராக வீட்டு மேஜைக்கு வருவார்கள். அங்கே மனைவி காலையிலிருந்து நின்று சமைத்தது தயாராக இருக்கும். பல பப்களில் ஞாயிறன்று கல்லாவின் மேல் சும்மாவே கொஞ்சம் உருளைக்கிழங்கு ரோஸ்ட்டும் சீஸ் துண்டும் வைப்பார்களாம், பசி அடங்க.

வழிப்போக்கர் விடுதிகளில் ரோஸ்ட் எப்போதும் இருந்ததுதான். ஆனால் சாதாரணக் குடும்பம் ஞாயிறு மதியம் பப்புக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் பெரிதாகப் பரவியது நம் காலத்தில்தான். காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்களை ஊதச் சொல்லிச் சோதிக்கும் சட்டம் 1967-ல் வந்தது. கார் இல்லாமல் போக முடியாத கிராமத்து பப் அதனால் அடிவாங்கியது. சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவானது. 1991-ல் லண்டனில் 'ஈகிள்' என்ற பப் நல்ல சமையலைக் கொண்டுவந்து, 'காஸ்ட்ரோபப்' என்ற புதுச் சொல்லையே உண்டாக்கியது. 2007 ஜூலை 1-ல் உள்ளே புகைபிடிக்கத் தடை வந்தது. குடியை மட்டும் நம்பி ஓட முடியாது என்றான பிறகு, சமையலறை பப்பின் முதுகெலும்பானது. பல கிராமத்து பப்புக்கு அந்த வாரக் கணக்கு நேராவது ஞாயிறு மதியத்தில்தான்.

அதனால் நாம் பப்பில் தேடுவது பப்பின் பழைய சாப்பாட்டை இல்லை. வீட்டுச் சாப்பாடு வெளியே குடிவந்த இடத்தைத் தேடுகிறோம்.

நகரத்துக்குள்ளேயே இல்லையா?

இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரையிலேயே 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்' என்று ஒரு பப் உண்டு. நம்ம சென்னைக் கோட்டையின் ஜாடை இருந்ததால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் பெயர்ப்பலகையைப் பார்ப்பேன்.

ஆனால் சுற்றுலா நகரத்தின் நடுவில் இருக்கும் பப்புக்குத் தினமும் புது வாடிக்கையாளர் வந்துகொண்டே இருப்பார்கள். ஒருத்தருக்குப் பிடிக்காமல் போனாலும் அடுத்தவர் வாசலில் நிற்பார். கிராமத்தில் அப்படி இல்லை. இருப்பது சில நூறு வீடு. கிரேவி தண்ணியாக இருந்தால் புதன்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதே சமயம் கிராமத்து ஆட்களை மட்டும் நம்பியும் பிழைக்க முடியாது, நகரத்திலிருந்தும் ஆள் வர வேண்டும். அதனால்தான் நகரத்திலிருந்து ரெண்டு மைல் முதல் பத்து மைல் வரை உள்ள வட்டத்தில் தேடச் சொல்கிறேன்.

கார் இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கிராமத்துக்கு ஞாயிறு பஸ் பெரும்பாலும் அரிது, சில ஊர்களுக்கு அறவே கிடையாது. போகும் பஸ்ஸைவிடத் திரும்பும் பஸ்ஸை முதலில் பாருங்கள். நடக்கக்கூடியவர்களுக்கு கிரான்ட்செஸ்டர் இருக்கிறது. நியூன்ஹம் பகுதியிலிருந்து ஆற்றோரப் புல்வெளி வழியாக ரெண்டு மைல், பக்கத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள், நான் போய் சாக்ஸைப் பிழிந்தேன்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிரம்பிங்டன். நம் தட்டுக்கும் அந்த ஊருக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. இன்றைக்கு இங்கிலாந்தில் ரோஸ்ட்டுக்கு எல்லோரும் கேட்கும் உருளைக்கிழங்கு 'மாரிஸ் பைப்பர்'. 1966-ல் வெளிவந்தது. வேரைத் தாக்கும் ஒருவகை நூற்புழுவை எதிர்த்து நிற்கும்படி வளர்த்த ரகம். அதை உருவாக்கிய பயிர்ப்பெருக்க ஆய்வு நிலையம் இந்த டிரம்பிங்டனில், மாரிஸ் லேன் என்ற தெருவில்தான் இருந்தது. தெருப் பெயரே கிழங்குக்கும் வந்துவிட்டது. மாவுச்சத்து அதிகமுள்ள கிழங்கு என்பதால், பாதி வேகவைத்துக் குலுக்கினால் ஓரங்கள் உதிர்ந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில் சூடான கொழுப்பு புகுந்தால்தான் மொறுமொறுப்பு வரும்.

போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் மாறினால் பெயர் அப்படியே இருக்கும், ரோஸ்ட் மாறிவிடும். அடையாளங்கள் மாறாது.

முதலாவது, நேரம். நல்ல ரோஸ்ட்டுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஓவனிலிருந்து எடுத்த இறைச்சியை இருபது முப்பது நிமிடம் ஆறவிட்டு அரிய வேண்டும், இல்லையென்றால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த இடைவெளியில்தான் ஓவன் சூட்டை ஏற்றி யார்க்‌ஷயரை உள்ளே தள்ளுவார்கள். வெளியே எடுத்த யார்க்‌ஷயர் சீக்கிரமே தொய்ந்துபோகும். உருளைக்கிழங்கு சூட்டு விளக்கின் கீழ் அரை மணி இருந்தால் தோல் மாதிரி ஆகிவிடும். எனவே "பன்னிரண்டு முதல் மூன்று வரை" என்று போட்டிருந்தால் நல்ல சகுனம். "காலை முதல் இரவு ஒன்பது வரை ரோஸ்ட்" என்றால், அது ஒரே தடவை சுட்டதாக இருக்க வழியில்லை. நான் ஒரு பப்பில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பிட்டேன். மதியம் அரிந்த இறைச்சியை கிரேவியில் முக்கிச் சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். நிறம் சாம்பல், ருசியும் அதே நிறம்தான்.

ரெண்டாவது, "தீர்ந்துவிட்டது" என்ற வார்த்தை. முதல் மாதம் ரெண்டேகால் மணிக்குப் போய், மாட்டிறைச்சி முடிந்துவிட்டது என்று கேட்டு எரிச்சல்பட்டேன். பிறகுதான் புரிந்தது. எத்தனை கிலோ வாங்குவது என்று வெள்ளிக்கிழமையே முடிவு பண்ண வேண்டும். மிஞ்சினால் நஷ்டம். எப்போதுமே தீராத இடத்தில் ஏதோ ஃப்ரீசர் இருக்கிறது என்று அர்த்தம். முன்பதிவு செய்யுங்கள், பன்னிரண்டரைக்குள் உட்காருங்கள்.

மூன்றாவது, பட்டியலின் நீளம். ஞாயிறன்று ரெண்டு மூணு இறைச்சி, ஒரு சைவம், ஒரு மீன், அவ்வளவுதான் இருக்க வேண்டும். ரோஸ்ட்டோடு பர்கர், பாஸ்தா, கறி என்று நாற்பது அயிட்டம் இருந்தால், அந்தச் சமையலறையில் ஓவனைவிட மைக்ரோவேவுக்குத்தான் வேலை அதிகம்.

நாலாவது, ஒரு போன். "இன்னிக்கு மாட்டிறைச்சி எந்தப் பகுதி?" என்று கேளுங்கள். டாப்சைட் என்றால் பின்தொடை, கொழுப்பு குறைவு, விலையும் குறைவு, கவனமாகச் சமைத்தால் நன்றாகவே இருக்கும். சர்லாயின் முதுகுப் பகுதி, மிருது. ஃபோர்ரிப் எலும்போடு வரும், கொழுப்பு இழையோடும், ருசிக்கு அதுதான் ராஜா. பதில் எது என்பதைவிட, பதில் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு இடத்தில் "மாடுன்னா மாடுதான்" என்றார்கள். அங்கே போகவில்லை. இன்னொரு இடத்தில் பகுதியோடு, வாங்கிய கறிக்கடை எந்த ஊரில் இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

ஐந்தாவது, கிரேவி. சுட்ட தட்டில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றிச் சுண்டவைப்பதுதான் அசல். 1908-லிருந்தே பிஸ்டோ மாதிரி கிரேவித் தூள் கடையில் கிடைக்கிறது, இங்கே பெரும்பாலான வீடுகளில் புழங்குவதும் அதுதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் வெளியே காசு கொடுத்துச் சாப்பிடும்போது எலும்புத் தண்ணீரை எதிர்பார்க்கலாம். கூடுதலாகக் கொஞ்சம் கிரேவி கேட்டுப் பாருங்கள். தாராளமாகக் குடுவையோடு வைத்தால், உள்ளே இருப்பவர் சாப்பிடத் தெரிந்தவர்.

வாசலில் 'ஃப்ரீ ஹவுஸ்' என்று எழுதியிருப்பதற்கும் ரோஸ்ட்டுக்கும் சம்பந்தமில்லை, குழம்பாதீர்கள். சாப்பாடு இலவசம் என்றும் அர்த்தமில்லை! எந்தக் கம்பெனியின் பீரையும் வாங்கி விற்கலாம் என்ற சுதந்திரம் அது. மற்ற பல பப்கள் கட்டிடச் சொந்தக்காரக் கம்பெனியிடமே பீர் வாங்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்திலும் அருமையான சமையல் உண்டு. பீரில் லாபம் கம்மி என்பதால் சாப்பாட்டில் கூடுதல் அக்கறை எடுப்பவர்களும் உண்டு.

சைவர்களுக்கு

ராமானுஜன் 1914-ல் டிரினிட்டி கல்லூரிக்கு வந்தபோது அறையிலேயே தனக்குத் தானே சமைத்துக்கொண்டார். இன்றைக்கு அந்த நிலை இல்லை. பருப்பு, கொட்டைகளை அரைத்துச் சுட்ட 'நட் ரோஸ்ட்' அல்லது காளான் பேஸ்ட்ரி அநேகமாக எல்லா பப்பிலும் உண்டு. ஆனால் சைவத் தட்டு என்றாலும் மூணு கேள்வி கேட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் வெந்தது? நல்ல பப்பில் அது பெரும்பாலும் வாத்துக் கொழுப்பு அல்லது மாட்டுக் கொழுப்பு. யார்க்‌ஷயர் எதில் சுட்டது? கிரேவி தனியா? மாடு சாப்பிடாதவர்களும் உருளைக்கிழங்கைப் பற்றி விசாரிப்பது நல்லது. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போனிலேயே சொல்லிவிட்டால் தனித் தட்டில் எண்ணெயில் வைத்துத் தருவார்கள்.

கடைசிக் கேள்வி

இவ்வளவு பட்டியல் போட்ட பிறகும் ஒரு விஷயம் இடித்துக்கொண்டே இருந்தது. ஒத்திகை பார்க்க நான் தனியாகத்தான் போனேன். முன்பதிவு செய்ய இணையத்தில் போனால், பல இடங்களில் 'எத்தனை பேர்' என்ற பெட்டி ரெண்டிலிருந்துதான் தொடங்கியது. ஒன்று என்ற எண்ணே கிடையாது. ஒரு பப்பில் போன் பண்ணிக் கேட்டபோது, "ஞாயிறு மதியம் ஒருத்தருக்கு மேஜை கொடுத்தா எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பதினைந்து மேஜை, மூன்று மணி நேரம், அதில்தான் வாரத்துக்கே சம்பாதிக்க வேண்டும். ஆனால் பெரியவரின் வாக்கியம் ஒரு கணினிப் பெட்டியாக என் முன்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. ரோஸ்ட்டைத் தனியாகச் சமைக்க முடியாதவர்கள்தான் பப்புக்கு வருவார்கள் என்றால், அவர்களுக்கே அங்கே இடமில்லை.

அதற்குப் பிறகு வேறு எந்தக் கேள்விக்கும் முன்னால், "ஒருத்தருக்கு இடம் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தேன். எட்டாவது பப்பில் போனை எடுத்த அம்மா, "பன்னெண்டு மணிக்கே வந்துடுங்க. அடுப்புப் பக்கம் ஒரு நீள மேஜை இருக்கு. தனியா வர்றவங்க அங்கதான் உட்காருவாங்க" என்றார். மாட்டிறைச்சி ஃபோர்ரிப், மூணு மணிக்குள் முடிந்துவிடும் என்றும் சொன்னார்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு பெரியவரை அழைத்துப் போனேன். டை கட்டிக்கொண்டு வந்தார். நீள மேஜையில் எங்களோடு இன்னும் நாலு பேர். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் பொதுத் தட்டில் வந்தது, ஒருத்தருக்கொருத்தர் நகர்த்திக்கொண்டார்கள். அவர் யார்க்‌ஷயரைக் கத்தியால் தட்டிப் பார்த்தார். "ரொம்ப நல்லா எழுந்திருக்கு. அவளோடது ஒரு ஓரம் எப்பவும் சாஞ்சு போகும். ஐம்பது வருஷம் ஓவனைத்தான் குறை சொன்னா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. கிரேவியை ரெண்டாவது முறை வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது கல்லாவுக்குப் போய், ரெண்டு துண்டு இறைச்சி கூடுதலாகக் கட்டித் தர முடியுமா, காசு கொடுத்துவிடுகிறேன் என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மா எதற்கு என்று கேட்கவில்லை. "திங்கட்கிழமைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த மாதிரி பப் தானாக நிலைத்திருக்காது. வருடா வருடம் மூடிக்கொண்டேதான் வருகின்றன. இங்கிலாந்தில் 2011-ன் உள்ளாட்சிச் சட்டப்படி, ஊர்க்காரர்கள் தங்கள் பப்பைச் 'சமூகச் சொத்து' என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படிச் சேர்த்த பப் விற்பனைக்கு வந்தால், வாங்க விரும்பும் ஊர் அமைப்புக்குப் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும். கம்ப்ரியாவில் 'ஓல்ட் கிரவுன்' என்ற பப்பை அதற்கு முன்பே, 2003-ல், வாடிக்கையாளர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். அதெல்லாம் பெரிய வேலை. நம்மால் முடிந்த சின்ன வேலை, முன்பதிவு செய்துவிட்டு வராமல் இருக்காதீர்கள். ஆறு பேருக்குச் சொல்லிவிட்டு வராமல் போனால், வெள்ளிக்கிழமை வாங்கிய ரெண்டு கிலோ அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

பெரியவர் இப்போது மாதத்தில் ரெண்டு ஞாயிறு போகிறார். ஒன்று என்னோடு. இன்னொன்று, அந்த நீள மேஜையில் பழக்கமான ஒருத்தர் காரில் வந்து கூட்டிப்போகிறார். அவரும் தனியாக இருப்பவர்தான். முன்பதிவு மட்டும் போனில்தான் செய்ய வேண்டும்.